300 பார்வைகளோடு நின்றுவிடும் ஓவிய ரீல்ஸ்: எங்கே தடை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கும்பகோணத்தில் இருக்கிறீர்கள், நீர்வண்ணத்தில் கோயில்களையும் கடைத்தெருக்களையும் வரைகிறீர்கள், ஓராண்டாக வாரத்துக்கு மூன்று ரீல்ஸ் போட்டும் பின்தொடர்பவர்கள் 1,140 பேர்தான், எந்த வீடியோவும் 250, 300 பார்வைகளைத் தாண்டுவதில்லை. எந்த நேரத்தில் போட வேண்டும், எத்தனை ஹேஷ்டேக் வைக்க வேண்டும், கணக்கை யாரும் மறைத்து வைத்திருக்கிறார்களா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, "தெருவில் உட்கார்ந்து வரைந்தால் பத்துப் பேர் நின்று பார்க்கிறார்கள், போனில் மட்டும் ஏன் ஒருவரும் நிற்பதில்லை" என்று, அதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றும் தாமாகவே சுருங்கிவிடும் என்பதால், அதையே மையமாக வைத்து எழுதுகிறேன்.

நான் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். பிழைப்பு மட்டும் வீடியோ எடிட்டிங்கில் அமைந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்தியாவில் தடை வந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. அப்போதிலிருந்து ஓவிய நண்பர்களுக்கு வீடியோ எடுத்தும் வெட்டியும் கொடுத்து வருகிறேன். ஆகவே நான் சொல்வதில் ஒரு பகுதி அந்த நிறுவனங்களே வெளிப்படையாகச் சொன்னது. மறுபகுதி இருபது முப்பது பேருடைய கணக்குகளைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. இரண்டாவதை முதலாவதைப் போல நம்பிவிட வேண்டாம். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன். டிஜிட்டல் ஓவியம், சிற்பம் ஆகியவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. காகிதமும் தூரிகையும் உள்ள வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதலில் உறுதியானவை. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி 2025 ஜனவரியில், ஒரு வீடியோவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதில் மூன்று அளவுகள் முக்கியமானவை என்று வெளிப்படையாகச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்பவர்களுக்குக் காட்டுவதில் லைக்குக்கும், உங்களை அறியாதவர்களுக்குக் காட்டுவதில் அனுப்புவதற்கும் கூடுதல் எடை உண்டு என்பதையும் அவரே சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், சிறிய கணக்குகளுக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படி முறையை மாற்றுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. வீடியோவை ரசிக்கக்கூடும் என்று தோன்றும் ஒரு சிறு கூட்டத்துக்கு, போட்டவரைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்று பாராமல், முதலில் காட்டுவார்கள். அவர்கள் நின்று பார்த்தால் சற்றுப் பெரிய கூட்டத்துக்குப் போகும். அங்கும் நின்றால் அதைவிடப் பெரியதற்குப் போகும். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் உங்கள் 300 என்ற எண்ணுக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. பதம் பார்க்க எடுத்த முதல் கூட்டத்திலேயே வீடியோ நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் யாரும் உங்கள் ஓவியத்தைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கவில்லை, அவர்களிடம் அது போய்ச் சேரவே இல்லை. இந்த எண் 200ஆ 500ஆ என்பதற்கு எங்கும் எழுதப்பட்ட விதி கிடையாது. நான் பார்த்த கணக்குகளில் நின்றுபோகும் இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் அந்த முதல் கூட்டம் எங்கே விலகிப் போனது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வீடியோவின் இன்சைட்ஸ் பக்கத்தில், விநாடிக்கு விநாடி எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற வரைகோடு இருக்கும். நீங்கள் அனுப்பியிருந்த மூன்று ஸ்கிரீன்ஷாட்களிலும் அந்தக் கோடு மூன்றாம் விநாடிக்குள் பாதாளத்தில் விழுந்து, பிறகு கடைசி வரை ஏறக்குறைய சமதளமாகவே போகிறது. அதாவது, முதல் மூன்று விநாடியைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை இருந்திருக்கிறார்கள். உங்கள் ஓவியத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. வாசல்தான் சரியில்லை.

சாரங்கபாணி கோயில் கோபுரத்தை வரைந்த வீடியோவை நான்கு முறை பார்த்தேன். மொத்தம் 52 விநாடி. முதல் 5 விநாடி வெள்ளைப் பின்னணியில் உங்கள் பெயரும் ஒரு தூரிகைச் சின்னமும் சுழன்று வருகின்றன. அடுத்த 9 விநாடி பென்சில் கோடுகள், மெல்லிய எச்.பி. கோடு என்பதால் போன் திரையில் வெற்றுக் காகிதத்தின்மேல் ஒரு கை அலைவதாகத்தான் தெரிகிறது. பிறகு 30 விநாடி வண்ணம், மீதி 8 விநாடி முடிந்த ஓவியத்தின்மேல் கேமரா மெதுவாக நகர்கிறது. 2 மணி 10 நிமிட வேலையை 39 விநாடிக்குள் அடக்கியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் 200 மடங்கு வேகம். அந்த வேகத்தில் உங்கள் கை, பலகாரத் தட்டில் ஈ மொய்ப்பதைப் போலத் தெரிகிறது. கை தயங்கிய இடம், தூரிகையில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று ஓரத்தில் ஒற்றி எடுத்த இடம், பதினோரு நிலைகளுக்கும் இடையிலுள்ள நிழலை ஒரே இழுப்பில் இறக்கிய இடம் எல்லாம் அதற்குள் கரைந்துபோயின.

இப்போது தெருவில் நின்ற அந்தப் பத்துப் பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள்? எதிரே நிஜக் கோபுரம் நிற்கிறது, இங்கே காகிதத்தில் அது பாதி வந்திருக்கிறது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியம், இது எப்படி முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஈரக் காகிதத்தில் நீலம் பரவுகிறபோது, கெட்டுவிடுமோ என்ற சிறு பதற்றம் பார்ப்பவருக்கும் வருகிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதற்றத்துக்காகத்தான் நிற்கிறார்கள். உங்கள் வீடியோவில் இரண்டுமே இல்லை: ஒப்பிட நிஜக் கோபுரம் சட்டகத்துக்குள் வரவே இல்லை, 200 மடங்கு வேகத்தில் எதுவும் கெட்டுப்போக வாய்ப்பிருப்பதாகவே தெரிவதில்லை. முடிவு உறுதியாகிவிட்ட ஒன்றைத்தான் ஓட்டிக் காட்டுகிறீர்கள்.

நான் அதை வெட்டியிருந்தால் இப்படி வெட்டியிருப்பேன். பெயரும் சின்னமும் முதலில் போகும். கணக்கின் பெயர் திரையிலேயே இருக்கிறது. முதல் படமே, மேல் நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் இண்டிகோ என்னும் கருநீலம் நிறைந்த தூரிகை ஈரக் காகிதத்தைத் தொட்டு, நிறம் தன்னிச்சையாகப் பரவும் அந்த 3 விநாடி, வேகம் கூட்டாமல், கண்ணுக்கு மிக அருகில். அதன்மேல் ஒரே வரி: "இந்த நிழல் தவறினால் இரண்டு மணி நேர வேலை போச்சு." பிறகு காகிதத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, பின்னால் நிஜக் கோபுரம் தெரியும்படி ஒரு 2 விநாடி. அதன்பின் வேகமாக ஓடும் பகுதிகளுக்கு நடுவே மூன்று இடங்களை மட்டும் இயல்பான வேகத்தில் விடுவேன்: வானத்தின் முதல் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு), அந்த நிழல், கடைசியாகக் கலசத்துக்கு வைக்கும் மஞ்சள் புள்ளி. முடிந்த ஓவியம் 2 விநாடி போதும். ஆற அமரப் பார்க்க விரும்புகிறவர் நிறுத்திப் பார்த்துக்கொள்வார், அல்லது மறுபடி ஓடவிடுவார், அதுவும் பார்க்கும் நேரக் கணக்கில் சேரும். மொத்தம் 25 முதல் 30 விநாடிக்குள் முடிந்துவிடும். ரீல்ஸும் ஷார்ட்ஸும் இப்போது 3 நிமிட வீடியோவையும் அனுமதிக்கின்றன என்பதற்காக அவ்வளவையும் நிரப்ப வேண்டியதில்லை. நீளம் வேண்டுமானால் அதற்குத் தகுந்த கதை இருக்க வேண்டும்.

தவறுகளை வெட்டி எறியாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நானே அந்தத் தவறைச் செய்திருப்பதால். ஒரு மே மாத மதியத்தில், ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆற்றங்கரை ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். பாதி காய்ந்த வானத்தின்மேல் நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்து, பூசணிப்பூப் போல ஒரு வெள்ளைக் கறை விரிந்துவிட்டது. அதைப் பறவைக் கூட்டமாக மாற்றிச் சமாளித்தேன். ஆனால் எடிட்டிங்கில் வெட்கப்பட்டு அந்தப் பகுதியை முழுக்க நீக்கிவிட்டேன். நண்பர் ஒருவர் மூலப்பதிவைப் பார்த்துவிட்டுத் திட்டிய பிறகு, அந்தச் சொட்டு விழும் காட்சியையே முதலில் வைத்து மறுபடி வெட்டிப் போட்டேன். என் கணக்கில் அதுவரை அவ்வளவு பேர் ஒரு வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பியதில்லை. ஒரே ஒரு அனுபவத்தை வைத்து விதி செய்யக்கூடாதுதான். ஆனால் பிறகு மற்றவர்கள் கணக்கிலும் இதே போக்கைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. எல்லாமே கேமரா முன்னால் தற்செயலாக நடக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 1983 முதல் 1994 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 403 நிகழ்ச்சிகளில் அரை மணி நேரத்துக்கு ஒரு நிலக்காட்சி என்று வரைந்து காட்டிய பாப் ராஸ், ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை வரைவார்: படப்பிடிப்புக்கு முன் மாதிரிக்காக ஒன்று, கேமரா முன் ஒன்று, பிறகு புத்தகத்துக்காக ஒன்று. பார்ப்பவர்களுக்கு அது அப்போதுதான் மனத்தில் தோன்றியதாகவே இருந்தது. அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவரோடு சேர்ந்து வரைந்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடியோவைப் பார்ப்பவரும் ஓவியம் கற்க வந்தவராக இருக்க வேண்டியதில்லை.

படம் பிடிப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். இது முழுக்க என் கைப்பழக்கம். விலையுயர்ந்த ட்ரைபாட் வேண்டாம். இரண்டு நாற்காலி முதுகுகளின்மேல் ஒரு பலகையைப் போட்டு, போனை அதன் விளிம்பில் கேமரா கீழ்நோக்கும்படி வைத்து, மறுமுனையில் ஒரு செங்கல்லை ஏற்றினால் போதும். வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் வரையும் இடத்தின்மேலேயே கை நிழல் விழும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிட்டால், கடையில் விற்கும் எந்த விளக்கையும்விட மென்மையான ஒளி கிடைக்கும். ரிங் லைட்டை மேலிருந்து நேராக அடித்தால் ஈரக் காகிதம் கண்ணாடி போலப் பளிச்சிட்டு நிறமே தெரியாமல் போகும். உங்கள் இரண்டாவது வீடியோவில் நடந்தது இதுதான். பதிவைத் தொடங்கும் முன் காகிதத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லையேல் கை உள்ளே வரும்போதெல்லாம் காகிதம் வெளுப்பதும் கறுப்பதுமாக இருக்கும். இரவில் ட்யூப்லைட்டின் கீழ் எடுத்தால் திரையில் பட்டைகள் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், போனின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். எழுத்துகளைச் சட்டகத்தின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் வைக்காதீர்கள். கேப்ஷனும் பொத்தான்களும் அவற்றை மறைத்துவிடும். தமிழ் எழுத்து இடத்தை அதிகம் எடுத்துக்கொள்வதால் ஒரு திரையில் ஆறு ஏழு சொற்களுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

ஒலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மூன்று வீடியோவிலும் அந்த மாதம் எல்லாரும் பயன்படுத்திய அதே சினிமாப் பாட்டு இருக்கிறது. பிரபலமான பாட்டு வைத்தால் வீடியோ தானாக ஓடும் என்பது பரவலான நம்பிக்கை. சில நேரம் உதவியும் இருக்கலாம். ஆனால் ஓவிய வீடியோக்களில், பென்சில் காகிதத்தை உரசும் ஓசையும், தூரிகையைக் கிண்ணத்தில் அலசும் ஓசையும் பாட்டைவிடக் கூடுதல் நேரம் ஆளை நிறுத்துவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அதற்கு அடுத்தபடி உங்கள் சொந்தக் குரல். பேசாத வீடியோ மொழி எல்லையைத் தாண்டி பிரேசிலுக்கும் போகும். தமிழில் பேசினால் தமிழர்களோடு நின்றுவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். நிற்கட்டும். சாரங்கபாணி கோயில் தெருவில் பால்ய காலத்தைக் கழித்துவிட்டு இப்போது சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருப்பவர்தான் அந்தக் கோபுரத்தை வாங்கிச் சுவரில் மாட்டப் போகிறவர். அண்ணனுக்கும் அத்தைக்கும் அனுப்பப் போகிறவரும் அவரே. பிரேசில்காரர் ஒரு லைக்கோடு போய்விடுவார்.

இனி நீங்கள் கேட்ட மூன்று கேள்விகள். கணக்கு மறைக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் கணக்கின் நிலை என்ற பக்கத்தில், உங்கள் பதிவுகள் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கத் தகுதியோடு இருக்கின்றனவா என்று அதுவே சொல்லும். அங்கே பச்சை அடையாளம் இருந்தால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். ஹேஷ்டேக் வைப்பதால் பரவல் பெரிதாகக் கூடுவதில்லை என்று மொஸ்ஸேரியே பலமுறை சொல்லிவிட்டார். உங்கள் படம் எதைப் பற்றியது என்று காட்டும் மூன்று நான்கு வைத்தால் போதும். நேரத்தைப் பொறுத்தவரை, மாலை ஏழு மணி, ஞாயிறு காலை என்று ஆளாளுக்குச் சொல்வதெல்லாம் சந்தேகத்துக்குரியவை. என் கணக்குகளில் நல்ல வீடியோ இரவு பதினொரு மணிக்குப் போட்டும் ஓடியிருக்கிறது. தினம் ஒன்று போட வேண்டும் என்ற அறிவுரையும் அப்படித்தான். வாரத்துக்கு மூன்று அவசரமாகப் போடுவதைவிட, ஒன்றை ஒழுங்காக வெட்டிப் போடுங்கள் என்பேன். இது என் கருத்து, எதிர்க்கருத்து உள்ளவர்களும் அனுபவசாலிகளே. ஒரு விஷயம் மட்டும் உறுதி: வேறு தளத்தின் முத்திரை பதிந்த வீடியோவை அப்படியே போடாதீர்கள். அத்தகையவற்றைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக இன்ஸ்டாகிராம் 2021லேயே அறிவித்துவிட்டது. ஷார்ட்ஸிலும் போடுவதென்றால் முத்திரை இல்லாத மூலக் கோப்பைப் போடுங்கள். அங்கே 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள் என்பதால், எண் பெரிதாகத் தெரிந்தாலும் அத்தனை பேரும் நின்று பார்த்ததாக எண்ணிவிடாதீர்கள்.

எதை வரைவது என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். முந்நூறில் நிற்கும் ஓவியருக்கு யாராவது கட்டாயம் சொல்லும் யோசனை, "நடிகர் பிறந்தநாளுக்கு அவர் முகத்தை வரைந்து போடு" என்பது. செய்தால் எண் ஏறும், சந்தேகமே இல்லை. ஆனால் வருகிற கூட்டம் அந்த நடிகருடையது. அடுத்த வாரம் நீங்கள் காவிரிப் படித்துறையை வரைந்து போட்டால் அவர்கள் நிற்காமல் போவார்கள். உங்களைப் பின்தொடர்பவர்களே நிற்காத வீடியோ என்று பதம் பார்க்கும் இடத்திலேயே அது அடிபடும். காசு கொடுத்து பின்தொடர்பவர்களை வாங்குவதிலும் இதே கேடுதான், இன்னும் மோசமாக. பெயர் பரவுவது வேறு, படம் பரவுவது வேறு என்பது நமக்குப் புதிதல்ல. கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகத் தமிழ்நாட்டு வீடுகள்தோறும் தொங்கின. அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது? ஓவியத்தின் மூலையிலுள்ள கையெழுத்து கடைசிக் காட்சியில் தெளிவாகத் தெரியட்டும். வீடியோவை யாராவது எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டாலும் அது மட்டும் கூடவே போகும்.

நடிகர் முகத்துக்குப் பதிலாகத் தொடர் ஒன்றைத் தொடங்குங்கள். உங்கள் ஊரிலேயே கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது: மகாமகக் குளத்தைச் சுற்றிக் கோவிந்த தீட்சிதர் கட்டிய 16 மண்டபங்கள். 2016க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. வாரம் ஒரு மண்டபம் என்று வரைந்தாலும் நான்கு மாத வேலை. இரண்டாவது மண்டபத்தைப் பார்த்தவர் முதலாவதைத் தேடி உங்கள் பக்கத்துக்குள் வருவார், மூன்றாவதற்காகப் பின்தொடர்வார். தனித்தனிப் படமாகப் போட்டால் பின்தொடர அவருக்கு ஒரு காரணமும் கிடைப்பதில்லை. நியூயார்க் சுரங்க ரயிலில் எதிரே அமர்ந்திருக்கும் பயணியை வரைந்து, வரைந்த தாளை அவரிடமே கொடுத்து, அவர் முகம் மாறுவதைக் காட்டும் டெவன் ராட்ரிகஸ் 2020இல் டிக்டாக் மூலம் உலகறிந்தவர் ஆனார். அவரிடமும் அடிப்படையில் இருப்பது ஒரே அமைப்பு. ஆள்தான் ஒவ்வொரு முறையும் மாறுகிறார். அதை நம் ஊர்ப் பேருந்தில் செய்து பார்க்க நினைத்தால், படமெடுக்கப்பட்டவரிடம் அனுமதி கேட்காமல் போடாதீர்கள். பெண்கள், குழந்தைகள் என்றால் வரைவதற்கு முன்பே கேளுங்கள்.

அடுத்த வீடியோவுக்கான யோசனை பெரும்பாலும் பின்னூட்டத்தில்தான் கிடக்கும். தஞ்சாவூர் ஓவியம் செய்யும் நண்பர் ஒருவருடைய கணக்கு ஈராண்டு உங்களுடையதைப் போலவே கிடந்தது. ஒரு நாள், மக்கு என்ற சுண்ணப் பசையை வைத்து மேடேற்றிய கிருஷ்ணனின் மாலையில் தங்கத் தாளை வைத்துப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அழுத்தும் 12 விநாடியை மட்டும் வெட்டிப் போட்டோம். ஓவியம் அழகு என்று ஒருவரும் எழுதவில்லை. "இது நிஜத் தங்கமா?" என்ற ஒரே கேள்வி நூற்றுக்கணக்கில் வந்தது. எனக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது; நண்பரோ பொறுமையாக, 22 காரட் தாள் இப்படி இருக்கும், செம்பு கலந்த போலித் தாள் இப்படி இருக்கும், சில ஆண்டில் எது கறுக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்கு வந்த கேள்விகளிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று ஒன்பது வீடியோ போயிற்று. அவருடைய இன்றைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தக் கேள்வி கேட்டவர்களே.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் நேரடியாகக் கேட்கத் தயங்கியிருப்பதால். பார்வைகளால் மட்டும் வருமானம் என்ற கணக்கு ஓவியருக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. யூடியூபில் ஷார்ட்ஸ் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களோடு 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள், அல்லது ஓராண்டில் 4,000 மணி நேர நீள வீடியோப் பார்வை வேண்டும். அதற்குப் பிறகும் பங்கிடப்படும் தொகையில் 45 சதவீதம்தான் வீடியோ போடுபவருக்கு. இருநூறு பேர் உங்கள் கையெழுத்தை அடையாளம் கண்டு, ஆண்டுக்குப் பத்துப் பேர் வாங்கினால் அதைவிட மேல். அதற்கு விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதினால், கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அளவையும் விலையையும் அனுப்பும் செலவையும் கேப்ஷனிலேயே எழுதுங்கள். எண் ஏற ஏற ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். மனைவிக்கு ஆச்சரியப் பரிசு என்று சொல்லி, பேரமே பேசாமல், கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், பணம் போட்டுவிட்டதாக யுபிஐ ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்புகிறவர், காசு கொடுத்தால் உங்கள் ஓவியத்தை லட்சம் பேர் உள்ள பக்கத்தில் போடுகிறேன் என்பவர், மூவரும் ஒரே சாதி. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே உருளைக்குள் படத்தைச் சுருட்டுங்கள்.

சாரங்கபாணி கோபுரத்தின் மூலப்பதிவு இன்னும் போனில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். மேலே சொன்னபடி 28 விநாடிக்கு வெட்டி, உங்கள் கணக்கில் ட்ரையல் ரீல்ஸ் என்ற வசதி தெரிந்தால் அதன் வழியாக முதலில் போடுங்கள். 2024 டிசம்பரில் வந்த அந்த வசதியில் உங்களைப் பின்தொடராதவர்களுக்கு மட்டுமே முதலில் காட்டுவார்கள், சரியாகப் போகாவிட்டால் தெரிந்தவர் கண்ணில் பெரும்பாலும் படாது. மூன்று நாள் கழித்துப் பார்வை எத்தனை என்று பார்க்காமல், அந்த வரைகோட்டின் மூன்றாம் விநாடியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் அங்கேயே விழுந்தால் இண்டிகோ நிழலுக்குப் பதில் கலசத்துப் புள்ளியை முதலில் வைத்து மறுபடி ஒரு முறை வெட்டுங்கள். அந்த இரண்டு கோடுகளையும் படமெடுத்து இதே கேள்வியின் கீழ் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.